ஊருக்குப் போகும் பெட்டி

"இந்தப் பழைய கோட்டு இங்கேயே கிடக்கட்டும். ஊர்க்காரங்க கண்ணுக்கு நான் கொஞ்சம் லட்சணமா இருக்க வேணாமா?" என்றபடி செவெரின் பெட்டிக்குள் சட்டைகளைத் திணித்தார்.

எழுபதை நெருங்கும் அந்த ஓவியருக்கு இன்று கைநடுக்கம்கூட நின்றிருந்தது. இருக்காதா பின்னே? 'சாவதற்குள் ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும்' என்று எழுதிப் போட்ட மறு வாரமே, போலந்திலிருந்து தம்பி மகன் யூலியனும் நகரசபைத் தலைவர் கஸ்பரும் ரயிலேறி மியூனிக்குக்கே வந்துவிட்டார்கள்!

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரை விரட்டாத குறையாக அனுப்பிய ஊர் அது. மாதாவுக்குச் சலவைக்காரியின் முகத்தை வைத்துவிட்டார் என்று, அவர் வரைந்த படத்தைக் கோயிலிலிருந்து இறக்கிக் குதிரை லாயத்தில் போட்டார்கள். அன்றைக்கு ஊரை விட்டவர்தான். அதன்பின் பீர்க்கடைப் பலகைகளும் பணக்காரர் வீட்டு நாய்களும் வரைந்தே காலம் போனது.

"அந்தப் படம் இப்ப எங்கடா இருக்கு?"

"பீடத்துக்கு நேர் மேல மாட்டியிருக்கோம், பெரியப்பா," என்றான் யூலியன். கையில் கறுப்புத் துணிப் பட்டை கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"யாருடா போயிட்டாங்க?"

"சொந்தத்துலதான்... நெருங்கின சொந்தம்."

செவெரின் சிலுவை போட்டுக்கொண்டார். பாதிச் சொந்தங்களின் முகமே மறந்து போயிருந்தது. மேலே கேட்கவில்லை.

"கடைத்தெருவுக்கு உங்க பேர்தான் வச்சிருக்கோம்," என்றார் கஸ்பர், தொப்பியை மடியில் உருட்டியபடி. "படத்தைப் பார்க்க வெளியூர் ஜனம் வண்டி கட்டிக்கிட்டு வருது. உங்களைத் திட்டின பங்குச் சாமியார் இருக்காரே, பிரசங்கத்துல உங்க பேரைச் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதாரு."

"அந்தக் கிழவனா? அழட்டும், நல்லா அழட்டும்!" சிரிக்கும்போதே செவெரினுக்குக் கண் நிறைந்தது. "குளிர்காலத்துல ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, அவ்வளவுதான்னு நினைச்சேன்டா. பக்கத்துக் கட்டில்காரன் போயிட்டான். நான் பிழைச்சது இதுக்குத்தான் போல."

பெட்டியைப் பூட்டித் தூக்கினார். "எத்தனை மணிக்கு ரயில்?"

யூலியன் அதை அவர் கையிலிருந்து வாங்கி, மெதுவாகத் தரையில் வைத்தான்.

"பெரியப்பா... அந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்க பேர் எழுதின சவப்பெட்டி ஒண்ணு ஊருக்கு வந்துச்சு. யாரும் திறந்து பார்க்கலை. ஆயரே வந்து கோயிலுக்குள்ள அடக்கம் பண்ணினாரு. படத்தை மாட்டினது, தெருவுக்குப் பேர் வச்சது எல்லாம் அதுக்கப்புறம்தான்."

செவெரினுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"யாரையோ புதைச்சிட்டா அழுதீங்க! அதனால என்ன? நான் நேர்ல வந்து நின்னா எல்லாம் சரியாப் போகும். ம், கிளம்புங்க!"

கஸ்பர் தொப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யூலியன்தான் சொன்னான்:

"வர வேண்டாம்னு சொல்லத்தான் பெரியப்பா நாங்க வந்தோம்."