பச்சை ஒயர்

அண்ணனும் தம்பியும் நடுச்சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்ட பழைய வீட்டில், தம்பியின் பக்கத்துக்கு மட்டும் இன்று எர்த் வருகிறது. கொல்லையில் புதைத்த குழாயிலிருந்து கிளம்பிய பச்சை ஒயர், அண்ணன் வீட்டு ஜன்னலை உரசிக்கொண்டு, நிற்காமல் தம்பியின் சமையலறைக்குள் போகிறது. ரப்பர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்த மூத்த மருமகள் சுவரோரமாக நின்று பார்க்கிறாள். எலக்ட்ரீஷியன் டெஸ்ட் பல்பின் ஒரு முனையைக் கரண்ட் துளையிலும் மற்றதை எர்த் துளையிலும் வைக்க, பல்பு பளிச்சென்று எரிகிறது. வெளிச்சம் முழுக்க இளையவளின் முகத்தில்தான். “ஃபிரிட்ஜ் சுள்ளுனு ஷாக் அடிக்குதுன்னு ஒரு தடவைதான்க்கா சொன்னேன். மறுநாளே ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாரு,” என்று சிரித்தபடி, ஈரக்காலோடு போய் அதைத் திறந்து காட்டுகிறாள். மூத்தவளுக்கு வயிறு எரிகிறது. அவளும்தான் நாலு வருஷமாகச் சொல்கிறாள். “செருப்பு போட்டுக்கிட்டுத் திற” என்பார் அவள் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. “உங்க பக்கமும் இழுத்துடலாமாம்மா? ஒயர் மிச்சம் இருக்கு,” என்கிறார் எலக்ட்ரீஷியன். “எங்களுக்கு எதுக்கு? எங்க வீட்ல அதெல்லாம் அடிக்காது!” வெடுக்கென்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று தன் சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குக் கையை நீட்டுகிறாள். கை பாதியில் நின்றுவிடுகிறது. செருப்பு இளையவளின் வாசலில் கிடக்கிறது.