கூடுதல் இருபது கிலோ

"எட்டுக் கிலோப் பெட்டி ஒண்டு அம்மா. அதைக் கொண்டுபோக ஏலாதெண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டான்!"

ரொறன்ரோவிலிருந்து மகள் தர்சிகா போனில் பொரிந்து தள்ளினாள். குருநகரில் செபஸ்தியம்மாவுக்குக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜஸ்ரின் செபஸ்தியம்மாவின் செத்துப்போன அண்ணன் மகன். அவனும் ரொறன்ரோவில்தான். வருஷத்தில் இரண்டு தரம் தாயைப் பார்க்க வருவான். இந்த முறை அவனிடம் கொடுத்துவிடத்தான் தர்சிகா பெட்டி கட்டியிருந்தாள். அவளுடைய தம்பி லியோனின் மகளுக்கு வாற ஞாயிறு கோயிலில் முதல் நன்மை வாங்குகிற சடங்கு. வெள்ளைச் சட்டை, சப்பாத்து, சொக்கிளேற் எல்லாம் அதற்குள்.

"அவனிட்டைப் பிளேன் கொம்பனியின்ரை கோல்ட் கார்ட் இருக்கெல்லே? மற்றாக்களைவிட இருபது கிலோ கூடக் கொண்டு வரலாமெண்டு அவனே சொன்னவன்."

"அதைத்தானே நானும் சொல்லுறன். உந்தக் கார்ட் பறிபோகக் கூடாதெண்டு என்ன செய்தவன் தெரியுமே? போன மார்கழியிலை பிஸ்னஸ் கிளாஸிலை வன்கூவர் போனவன். பின்சீற்றிலை மூண்டு பேர் போற காசு! அங்கை ஒரு அலுவலும் இல்லை. இறங்கி ஒரு கோப்பி குடிச்சிட்டு அடுத்த பிளேனிலை திரும்பிட்டான். வருஷம் முடிய முதல் கொஞ்சப் புள்ளி சேர்க்க வேணுமாம்."

"தனி லைனிலை போய் நிக்கிற பவுசுக்கு!"

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த புருசன் அடைக்கலநாதன் நிமிரவில்லை.

"விடு செபஸ்தி. அவனுக்கு என்ன கரைச்சலோ."

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கள்தான். நாளைக்கு வரட்டும், நாலு வார்த்தை கேக்காமல் விடமாட்டன்."

அடுத்த நாள் மத்தியானம் ஜஸ்ரின் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும், குடையைக்கூட எடுக்காமல் இரண்டு ஒழுங்கை தாண்டி நடந்தாள். ஒரு வெள்ளைச் சட்டைக்கு இடமில்லாத கோல்ட் என்ன கோல்ட் என்று கேட்பதாகத்தான் உத்தேசம்.

கூடத்தில் நான்கு சூட்கேஸ்களும் திறந்து கிடந்தன. ஜஸ்ரின் நிலத்தில் சம்மணம் கொட்டியிருந்தான். பக்கத்தில் கன்னியர் மடத்துச் சிஸ்டர். இரண்டு பேரும் சின்னச் சின்னக் கடதாசிப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

செபஸ்தியம்மா அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெட்டி என்னவென்று அவளுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னர் அடைக்கலநாதனுக்குக் குடலில் புற்றுநோய் என்று ஒப்பரேஷன் செய்தார்கள். அன்றைக்குத் தொடக்கம் வயிற்றில் ஒட்டுகிற பைக்குள்தான் எல்லாம் போகும். அயலில் ஒருவருக்கும் தெரியாது. மாதாமாதம் பைகளைச் சிஸ்டர் கொண்டுவந்து கொடுப்பார். அந்தப் பைகளின் புண்ணியத்தில்தான் மனுசன் திரும்பவும் வள்ளம் ஏறினார்.

"சிஸ்டர்... இது ஏதோ சங்கம் தாறதெண்டெல்லே சொன்னனீங்கள்?"

சிஸ்டர் ஜஸ்ரினைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான்.

"நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை மிஞ்சிறது மாமி. உடைக்காத பெட்டியளையும் எறியத்தான் பாக்கினம். நான் கேட்டு வாங்கிறன்."

"பதினொரு பேருக்குக் குடுக்கிறம்," என்றார் சிஸ்டர் மெதுவாக.

"ஒவ்வொரு முறையும் கூடுதல் பெட்டிக்குக் காசு கட்டி எனக்குக் கட்டுபடியாகாது மாமி. கார்ட் இருந்தால் அது சும்மா வரும். அதுக்குத்தான் அந்த வன்கூவர்க் கூத்து. தர்சிகாவுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டால், சிஸ்டர் எனக்கு மட்டும் சொன்ன மாமாவின்ரை கதையும் சொல்லவேண்டி வரும்."

மகளுக்குக்கூடச் சொல்லக்கூடாதென்று அடைக்கலநாதன் சத்தியம் வாங்கியிருந்தார். செபஸ்தியம்மா அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"எனக்காவது சொல்லியிருக்கலாமே ராசா?"

"மாமா என்னைத் தோளிலை தூக்கித் திரிஞ்ச மனுசன். என்ரை கையாலை வருதெண்டு தெரிஞ்சால் முகம் பாக்கக் கூச்சப்படுவார். அவருக்குத் தெரியவேண்டாம் மாமி. பிள்ளையின்ரை சட்டைதான்..."

"சட்டை ரவுண் கடையிலை வாங்கலாம். நீ சும்மா இரு."

அப்போதுதான் அவனை வடிவாகப் பார்த்தாள். இடுப்பில் தகப்பனின் சாயம் போன பழைய சாரம். தோள்மூட்டில் கிழிந்த சேட்.

"உன்ரை உடுப்பெல்லாம் எங்கையடா?"

"கையிலை தூக்கிவந்த பைக்குள்ளையும் உந்தப் பெட்டியள்தான் மாமி," என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்தவள் அலுமாரியைத் திறந்து, புருசனின் நல்ல சேட் இரண்டை எடுத்து மடித்தாள். அடைக்கலநாதன் இன்னமும் வலையோடுதான் இருந்தார்.

"அந்த நீலச் சேட்டையும் எடு. போன முறையும் மாத்தி உடுக்க ஒண்டும் இல்லாமல்தான் நிண்டவன்."

அவள் சேட்டைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

"உங்களுக்கு... எப்பிடி?"

"ஒரு பெட்டியிலை அவன்ரை வேலையிடத்துப் பேர் ஒட்டிக் கிடந்தது." வலைக்கண்ணில் ஊசியைக் கோத்து இழுத்தார். "எனக்குத் தெரியுமெண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாதை. பாவம், கூச்சப்படுவான்."