தோள் மேல் தலைவர்

"தோள் கழண்டு வுழுந்துடும் போலக்கீது அண்ணா. ஒரு நிமிசம் எறங்கிக்கிறீங்களா?"

"பொறுடா வெற்றி. போட்டோக்காரன் இன்னும் வரல."

வெற்றிவேல் செங்கல் லாரியில் லோடு ஏற்றி இறக்குபவன். சுமந்து பழகிய தோள்தான். ஆனால் செங்கல் வைத்த இடத்தில் சும்மா இருக்கும். தோளில் ஏறி உட்கார்ந்திருந்த துரைராஜ் சும்மா இருக்கவில்லை. மேளம் ஓங்கும்போதெல்லாம் மேலே துள்ளினார். ஒவ்வொரு துள்ளலும் இவன் கழுத்தெலும்பில் வந்து இறங்கியது.

பள்ளிக்கூடத்துக்குள் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெருங்களத்தூர் பக்கம் அந்த 2006 உள்ளாட்சித் தேர்தலில் அவர்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. துரைராஜ் மனைவி சாமுண்டீஸ்வரிக்கும் ஏகநாதன் மனைவிக்கும் போட்டி. பேனர்களில் புருஷன்மார் முகம் கதவளவு, மனைவிமார் முகம் தபால்தலை அளவு. வேட்பாளர் சாமுண்டீஸ்வரி அப்போது வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஜன்னலில் யாரோ கையை ஆட்டினார்கள். 'நாமதான் முன்னாடி' என்று துரைராஜ் ஆட்கள் வெடி வைத்தார்கள். அதே கையைப் பார்த்து ஏகநாதன் ஆட்களும் வெடி வைத்தார்கள்.

"ஏகநாதன் ஓட்டைப் பிரிக்க மூணாவதா ஒண்ணை நிறுத்தினேன் பாரு, அங்கதான்டா இருக்குது உங்க அண்ணன் மூளை" என்றார் துரைராஜ் மேலிருந்து. "அதுக்கு இன்னா சின்னம் குடுத்தாங்கன்னு எனக்கே தெரியாது."

வெற்றிவேல் அவர் காலை மாற்றிப் பிடித்தான். பிறகு கேட்டான்.

"ஜெயிச்சதும் மொதல் வேலை எங்க தெருக் குழாய்தானே அண்ணா? கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிக்கீறீங்க."

"அதுக்குத்தான்டா இவ்ளோவும்."

அவனுக்கு அது போதும். ஏரிப்பள்ளத் தெருவுக்குக் குழாய் கிடையாது. ஏகநாதனின் தண்ணீர் லாரி வந்தால்தான் உலை கொதிக்கும். அந்தக் குழாய்க்காகத்தான் லோடு வேலையை விட்டுவிட்டுப் பசை காய்ச்சினான், சுவர் சுவராக ஏறிப் போஸ்டர் ஒட்டினான். வீட்டில் பச்சையம்மாவிடமும், "சாமுண்டீஸ்வரி அக்காவுக்கே குத்து, என் மானத்தை வாங்கிடாத" என்று சொல்லியிருந்தான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளாகத் தெருப் பெண்கள் எல்லோருமே குடத்தை விட்டுவிட்டு வாளிதான் தூக்கினார்கள். குடத்தின் விலை ஏறிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

எதிரே ஏகநாதனும் இன்னொருவன் தோளில் மிதந்து வந்தார். இரண்டு கூட்டமும் முட்டிக்கொள்ளப் போகிறது என்று டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களை உள்ளே எடுத்து வைத்தார். முட்டவில்லை. மேலே இருந்த இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"இன்னா மச்சான், எவன் ஜெயிச்சாலும் லாரி என்னுதுதானே?" என்றார் ஏகநாதன்.

"பேசினது பேசினதுதான். லாரி உனக்கு, கால்வாய் காண்ட்ராக்ட் எனக்கு."

"குழாய் போடறேன்னு சத்தியம்லாம் பண்ணிட்டியாமே?"

"குழாய் போட்டா உன் லாரி எதுக்கு மச்சான்? பைப்பு வருது, வருதுன்னு சொல்லிகினே அஞ்சு வருசத்தை ஓட்டிட வேண்டியதுதான்."

மேலே சிரித்தார்கள். கீழே வெற்றிவேலும் ஏகநாதனைச் சுமந்தவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"உனக்கு இன்னா சொன்னாரு?" என்றான் வெற்றிவேல்.

"குழாய். உனக்கு?"

"அதேதான்."

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தலைவர்கள் இருவரும் மாலையோடு மண்ணில் போய் உட்கார்ந்தார்கள். மேளக்காரருக்கு விஷயம் புரியவில்லை. இன்னும் வேகமாக அடித்தார்.

"இன்னாடா பண்ற?"

"கழுத்துல ஈ உக்காந்துச்சிண்ணா."

ஏகநாதனைச் சுமந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிவேலுக்கும் வந்தது. அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது.

அப்போது பள்ளிக்கூட மைக் கரகரத்தது. வாளி சின்னத்தில் நின்ற சுயேச்சை வேட்பாளர் வெற்றி பெற்றதாக அறிவித்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னது. மேளம் பாதி அடியில் நின்றது.

துரைராஜ் மண்ணில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து வெற்றிவேலைப் பார்த்தார்.

"டேய்... 'உன் பொண்டாட்டியை சும்மா ஒரு கையெழுத்து போடச் சொல்லுடா'ன்னு நான் நிறுத்தினேனே... அவளாடா?"

கேட் திறந்தது. ஏரிப்பள்ளத் தெருவே வாளியும் கையுமாக வெளியே வந்தது. நடுவில் மாலையோடு பச்சையம்மா. வெற்றிவேல் ஓடிப்போய் அவள் முன்னால் தோளைக் காட்டிக் குனிந்தான்.

"தூக்கலாம் வேணாய்யா. தோள் வலிக்குதுன்னு காலையிலேர்ந்து பொலம்பிகினு கீற. அது கெடக்கட்டும், நீ யாருக்குக் குத்தின?"

அவன் மை வைத்த விரலை மடக்கி மறைத்தான். பெண்கள் வாளியைத் தட்டிச் சிரித்தார்கள்.

"தெரியும்" என்றாள் பச்சையம்மா. "தெருவுக்கு நான் ஒரு குழாய் பாக்கி. எனக்கு நீ ஒரு ஓட்டு பாக்கி."