ஒடிந்த முனை

"காசி அண்ணா, ஊசி ஒடஞ்சிடுச்சு. முனையக் காணோம்."

சொல்லி முடிப்பதற்குள் ஜோதி அழுதுவிட்டாள். ஆம்பூரில் இந்த ஷூ யூனிட்டில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தைப்பதோ குழந்தைகள் ஷூவின் மேல்பாகம். ஒடிந்த முனை தோலுக்குள் தங்கிவிட்டால், எங்கோ ஒரு பிள்ளையின் காலில் ஏறும். அப்புறம் தைத்தவளுக்கு வேலை இருக்காது.

"அழுவாதம்மா. சொல்லிட்ட இல்ல, அது போதும்," என்றார் சூப்பர்வைசர் காசி. "எல்லாரும் மிஷினை நிறுத்துங்க."

அந்த லைனில் ஐந்து பெண்கள். முன்பெல்லாம் ஊசி ஒடிந்தவள் தனியாகத்தான் தேட வேண்டும். மூன்று மணி நேரம் பாழாகும். அடுத்தவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அந்தப் பயத்திலேயே மூடி மறைத்தவர்களும் உண்டு. அதை மாற்றியது லைனிலேயே சீனியரான சம்பூர்ணம். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"யாருது ஒடஞ்சாலும் உடனே சொல்லிடணும். அஞ்சு பேரும் பண்டலைப் பிரிச்சிக்கினு தேடணும். யாரும் யாரையும் திட்டக் கூடாது."

அதன் பிறகு மூன்று மணி நேரம் இருபது நிமிடமானது. மேனேஜரே வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

ஆனால் இன்று இருபது நிமிடமே ஜாஸ்தி. தைத்ததை ஏற்றிப்போக ராணிப்பேட்டை லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

தைத்துக் கட்டி வைத்த இருபத்துநாலு பண்டலையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜோதி ஒவ்வொரு தையலாகத் தடவினாள். அவள் மகள் யாழினிக்கும் இதே சைஸ்தான். குதிகால் பக்கம் தடவும்போதெல்லாம் பிள்ளையின் கால்தான் கண்ணுக்குள் வந்தது.

"நிதானமாத் தேடு. நீ நடுங்குற நடுக்கத்துல உன் விரல்லயே ஏத்திக்கப் போற," என்றாள் பக்கத்தில் இருந்த ஆரோக்கியமேரி.

"கெடைக்கலன்னா இன்னாக்கா பண்றது?"

"கெடைக்கும். வாயை மூடிக்கினு தேடு."

அப்போதுதான் பின்னாலிருந்து சம்பூர்ணத்தின் குரல் கேட்டது.

"கெடைச்சிடுச்சு."

கறுப்புத் தோல் மடிப்பிலிருந்து முனையை உருவி, காசியின் உள்ளங்கையில் வைத்தாள். ஜோதி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். சம்பூர்ணத்தின் ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருந்தது.

"நீ நல்லா இருக்கணும்க்கா."

"விடு, விடு. போய் வேலையப் பாரு."

காசி கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு நிமிஷம். இந்த லைனை எவன் அடிச்சிக்க முடியும்?" பண்டல்களை ஏற்றச் சொல்லி அவரே வாசலுக்குப் போய் லாரியை அனுப்பிவிட்டு வந்தார். ஜோதிக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

மீதி இருந்தது ஒரு சடங்கு மட்டும். ஒடிந்த ஊசியின் துண்டுகளைச் சேர்த்து நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஜோதி தன் மிஷினிலிருந்து கழற்றிய மேல் துண்டைக் கொடுத்தாள். காசி அதனோடு முனையை வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். பிறகு புது ஊசி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் முகம் வெளுத்தது.

"இன்னாண்ணா?"

"ரெண்டையும் சேர்த்தா முழு ஊசிய விட நீளமா வருதேம்மா." காசியின் குரல் இறங்கிவிட்டது. "இது உன் ஊசி முனை இல்ல."

ஜோதி வாசலைப் பார்த்தாள். லாரி நின்ற இடம் காலியாக இருந்தது.

"அப்போ இது யாருது?" என்றார் காசி.

ஓடிக்கொண்டிருந்த நாலு மிஷினும் நின்றன. தலை நிமிராமலே சம்பூர்ணம் சொன்னாள்:

"என்துதான். காலையிலயே ஒடஞ்சிச்சு. சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு."