மாதாவுக்குப் பக்கத்தில் செனட்டர்

மெழுகுதிரியை அணைக்கப்போன ஞானேந்திரனின் முழங்கை பட்டு அது சரிய, மடு மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் சாத்திவைத்த அமெரிக்க செனட்டரின் மீசை கருகுகிறது. வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி இந்த மனிதர் வாஷிங்டனில் பேசப்போகிறார் என்று நம்பி, பத்திரிகையிலிருந்து படத்தை வெட்டி மாதாவுக்கு அருகில் இடம் ஒதுக்கிய மேதை ஞானேந்திரன்தான். புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் நார்த்மீட் வீட்டு வரவேற்பறையில் மாலை வெயில் கார்பெட்டின் மேல் நீளமாகக் கிடக்கிறது. டிவியில் அதே செனட்டர், கள்ள உறவு அம்பலமாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பதவி விலகுகிறார். அருகே அவர் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். "மாதாவிட்டை நேரே கேட்டிருக்கலாம். நான்தான் இடையிலை புரோக்கர் பிடிச்சனான்," என்கிறார் ஞானேந்திரன். சோபாவில் இருக்கும் ஞானேந்திரனின் மனைவி மாக்கிறேட் சிரிக்கவில்லை. அவளுடைய தம்பி குடும்பம் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள் இருக்கிறது. மடியில் கிடக்கும் போனை விரலால் துடைத்துக்கொண்டேயிருக்கிறாள். பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் மெஷினை முடுக்குகிறார்கள். ஞானேந்திரன் படத்தைக் கையில் எடுக்கிறார், எறிய மனம் வரவில்லை. "இஞ்சேரும், இந்தாள் போனாலும் வேற ஆரும் எங்களுக்காகக் கதைப்பினம்தானே?" மாக்கிறேட் டிவியை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்க்கிறாள். "இல்லையப்பா. ஒருத்தரும் கதைக்க மாட்டினம்."