அடுத்த பிறந்தநாள்

"போன வருஷம்தானே போயிட்டு வந்தீங்க! மறுபடியும் அதே இலங்கை, அதே குழந்தைங்க ஹோமா?"

முதலாளி புருஷோத்தமன் இரண்டு விடுப்புக் கடிதங்களையும் மேசையில் வீசினார். எதிரே வினோதாவும் அவள் தோழி சரிதாவும் நின்றிருந்தார்கள்.

"ஆமா சார். மட்டக்களப்புல ரெண்டு வாரம் பசங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறோம்" என்றாள் வினோதா.

"ஒரு தடவ போனா சேவை. திரும்பத் திரும்பப் போனா ஊர் சுத்தறது. லீவு கிடையாது."

"அப்போ ராஜினாமா எழுதித் தரோம் சார். திரும்பி வரோம்னு பசங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கோம்."

"குழந்தைங்ககிட்ட ஆயிரம் சொல்லுவோம்மா. அதுங்க மறுநாளே மறந்துடும். நானும் சேவை செஞ்சவன்தான், பாரு."

சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். இருபது வருடங்களுக்கு முன், முதலியார்பேட்டையில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் அவர் கொண்டாடிய பிறந்தநாள். மடியில் இருந்த சிறுமிக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொருத்தி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

"அன்னிக்கு அத்தனை பசங்களுக்கும் பிரியாணி போட்டேன்."

"தெரியும் சார். அடுத்த பிறந்தநாளுக்கும் வரேன்னு சொன்னீங்க" என்றாள் வினோதா.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

சரிதா படத்தின் அருகே போனாள். வாயைத் திறந்திருந்த சிறுமியின் மேல் விரலை வைத்தாள்.

"இது நான் சார். உங்க மடியில இருக்கிறது வினோதா. அடுத்த வருஷம் அதே தேதிக்கு, பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் வாசல்லயே நின்னோம்."

வினோதா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மட்டக்களப்புல எந்தக் கொழந்தையும் அப்படி நிக்காது சார். நாங்க கெளம்பறோம்."