வாசல் டம்ளர்

நிலம் ஆடினால் ஓட வேண்டுமே என்று அந்தத் தீவில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. வாசல் நிலைச்சட்டத்தில் தொங்கும் பித்தளை டம்ளர்தான் அதில் மோதி ஒலித்து எச்சரிக்கும். மரியபுஷ்பத்தின் டம்ளர் இரண்டு வருடமாக வாய் திறக்கவில்லை. நில அதிர்வை அளவெடுக்க வந்த ஆய்வாளர் பூவிழி, ஒரு பழைய துணியின் பாதியைக் கீழே இழுத்து, மறுபாதியைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். நடுவே கிழிந்தது.

“கடலுக்கு அடியில இருக்கிற பாறைத் தட்டும் இப்படித்தான் கிழிஞ்சிருக்குக்கா. அது கீழே இழுபட்டதாலதான் நிலம் ஆடுச்சு. உங்க பக்கத்துத் துண்டைக் கீழே இழுக்க இனி ஆளில்லை.”

“அப்ப ஆடாதா?”

“சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அடங்கிட்டு வருது.”

அவள் போனதும் மரியபுஷ்பம் டம்ளரை அவிழ்த்துக் கழுவி, அதில் காப்பி குடித்தாள். பிறகு எழுந்து கதவைச் சாத்திப் பார்த்தாள். ஆடி ஆடிக் கோணிப்போன நிலைச்சட்டத்தில் அது பொருந்தவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தச்சருக்குப் போன் போட்டாள்.

“நிலையை நிமிர்த்தணும் அண்ணே. அப்படியே ஒரு தாழ்ப்பாளும் கொண்டு வாங்க.”

“தாழ்ப்பாளா?” என்றார் தச்சர். “அதை எப்படிம்மா செய்றது?”